தொட்ட காய்

என் வாய்தான் எனக்கு முதல் எதிரி. இது எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் சீண்டுவார்கள்.

போன மாதம் ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் கிடா விருந்து. பந்தியில் எனக்கு எதிர் இலையில் கந்தப்ப மாமா உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரரின் தாய்மாமன். எலும்பைக் கடிப்பதைவிட என்னைக் கடிப்பதில்தான் அவருக்கு ருசி அதிகம்.

“ஏனம்மணி, என்ற பேத்தி கனிஷ்கா நிச்சயத்தன்னைக்குப் பகல்ல நீ இருக்கமாட்டயாமா? இன்னுமா சின்னப்புள்ளையாட்ட காய் நகத்திக்கிட்டுத் திரியற?”

“செலக்சனுங்க மாமா. கடைசி நாளு அன்னைக்குன்னு வச்சுட்டாங்க. சாயங்காலம் மண்டபத்துக்கு வந்துருவனுங்க.”

“செலக்சனாகி என்ன பண்ணப்போற? முப்பத்தெட்டு வயசுல கலெக்டர் உத்தியோகமா குடுக்கறாங்க?”

பந்தியே சிரித்தது. என் மாமியார் சௌந்திரம், எப்போதும் என் பக்கம் பேசுகிறவர், அவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“நாமக்கல் மாவட்டத்துல இருந்து ஸ்டேட்டுக்குப் போற நாலு பேர்ல ஒருத்தியா நான் வரலீன்னா, இனிமே செஸ் காயைக் கையில தொடமாட்டேனுங்க மாமா. போதுமா?”

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியைத் தூக்கியபடி நின்றுவிட்டார். அன்று இரவுக்குள் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் விஷயம் போய்விட்டது. யாரோ கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள்.

காரில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் தமிழரசு மெதுவாகச் சொன்னார். “கோவத்துல சொன்னதுதானே மோகனா. நாளைக்கு ஆரு வந்து கேக்கப்போறாங்க?”

“நான் கேப்பேனுங்க” என்றேன்.

உண்மையும் அதுதான். வாய் விட்டுச் சொன்னதை மாற்றிப் பேசினால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் எதைப் பணயம் வைத்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மாவட்டத்துக்கு ஆடியவள் நான். கல்யாணம், கோழிப்பண்ணை என்று அது பாட்டுக்கு நின்றுபோனது. இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் திரும்ப ஆரம்பித்தேன். பண்ணையில் விடிந்ததிலிருந்து தீவனம், தடுப்பூசி, முட்டை வண்டி. எல்லாமே எல்லோருக்கும் பொதுவான வேலை. அதற்கு நடுவில் எனக்கென்று இருந்தது அந்த அறுபத்து நாலு கட்டம் மட்டும்தான். அதைக் கறிச்சோற்றுப் பந்தியில் வைத்து ஏலம் விட்டுவிட்டேன்.

கடைசிச் சுற்று திருச்செங்கோட்டில் ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் நடந்தது. முதல் மூன்று இடம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நான்காவது இடம் எனக்கா இளஞ்செழியனுக்கா என்பதுதான் பாக்கி. நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார வேண்டும். அவர் என்னைவிட அரைப் புள்ளி முன்னே. அவர் டிரா செய்தால் போதும். நான் ஜெயித்தே ஆக வேண்டும்.

இளஞ்செழியன் குமாரபாளையத்துக்காரர். குடும்பத்துக்கு விசைத்தறி, இவர் மட்டும் தறிப் பக்கம் போகாமல் செஸ் வகுப்பு நடத்துகிறார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஆள் மோசமில்லை. ஆனால் எந்த ஓப்பனிங்கை எடுத்தாலும் அவருக்கு மனப்பாடம். முதல் பதினைந்து நகர்த்தலை யோசிக்காமல் வைத்துவிட்டு, யோசிக்கிற நம்மைப் பாவமாகப் பார்ப்பார். அந்தப் பார்வைதான் எனக்கு ஆகாது.

நான் பட்டுச்சேலையில் போயிருந்தேன். வேறு வழியில்லை. “ஊட்டுக்குப் போயி மாத்திக்கிட்டு வாரேன்னு சொல்லி நேரம் பண்ணாத சாமி, நேரா மண்டபத்துக்கு வந்துரு” என்று மாமியார் காலையிலேயே கட்டிவிட்டு அனுப்பிவிட்டார். அரங்கத்தில் எல்லோரும் டீ ஷர்ட்டும் ஜீன்ஸுமாக இருக்க, நான் ஒருத்தி கல்யாணப் பெண்ணுக்கு அத்தை மாதிரி. செருப்பையும் பழக்க தோஷத்தில் வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வெள்ளைக் காய் எனக்கு. ராஜாவுக்கு முன்னால் இருக்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அவரும் அதேபோல் தள்ளினார். அடுத்ததாக, பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி அவர் சிப்பாயின் வாய்க்கு நேராக வைத்தேன். கிங்ஸ் காம்பிட். ராஜாவின் கதவைத் தானே திறந்து வைத்துவிட்டு, ஒரு சிப்பாயை இலவசமாகக் கொடுத்து, அதற்குப் பதிலாக வேகமாகத் தாக்கப் போகிற ஆட்டம். இப்போது பெரிய ஆட்டக்காரர்கள் அவ்வளவாக இதைத் தொடுவதில்லை. இளஞ்செழியன் புருவத்தைத் தூக்கி, லேசாகச் சிரித்து, சிப்பாயை எடுத்துக்கொண்டார்.

இந்த ஓப்பனிங்கில் ஒரு கிளை இருக்கிறது. மூசியோ என்று பெயர். கறுப்புச் சிப்பாய்கள் ஓடிவந்து நம் குதிரையை விரட்டும். புத்தியுள்ளவர்கள் குதிரையை நகர்த்திக் காப்பாற்றுவார்கள். மூசியோவில் குதிரையை அப்படியே விட்டுவிட்டு, காஸ்லிங் செய்வார்கள். ராஜா இரண்டு கட்டம் ஓரமாக ஒதுங்க, யானை அவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நிற்கும். குதிரை போனால் போகட்டும், யானைக்கு வழி கிடைத்தால் சரி என்கிற கணக்கு. பள்ளிக்கூட நாளில் நான் ஆடியதெல்லாம் இதுதான். தோற்றாலும் தூக்கம் வராத அளவுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

திரும்ப ஆட ஆரம்பித்தபோது ஃபோனில் இருக்கிற கம்ப்யூட்டர் இதைப் பார்த்ததும் சிவப்பாகக் காட்டியது. தப்பு, தோல்வி என்றது. கேட்டவர்களும் அதையே சொன்னார்கள். சரி, வயசுக்குத் தகுந்த மாதிரி ஆடுவோம் என்று விட்டுவிட்டேன். இரண்டு வருடமாக அந்த இடம் வந்தால் குதிரையை அடக்கமாக நடுக்கட்டத்தில் கொண்டுபோய் வைப்பேன். மனசுக்குப் பிடிக்காத ஆட்டம்தான். அன்றைக்கும் அப்படியே வைப்பதாகத்தான் முடிவு பண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

குதிரையை வெளியே எடுத்தேன். அவர் ஒரு சிப்பாயை நீட்டினார். நான் பிஷப்பை வெளியே எடுத்தேன். அவர் அதே சிப்பாயை இன்னொரு கட்டம் தள்ளி, என் குதிரையின் மூக்குக்கு நேரே நிறுத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை அவருக்கு. நாற்காலியில் சாய்ந்துகொண்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்போது பட்டு முந்தானை பலகையின் ஓரத்தை உரசியது. ராஜா என் பக்கத்து ஓரத்தில்தானே நிற்பார். முந்தானையோடு போய் மேஜையிலிருந்து கீழே விழுந்துவிட்டார். உருண்டு வந்து என் வெறுங்காலில் பட்டார்.

குனிந்து எடுத்தேன். கால் பட்டுவிட்டதே என்று கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு பலகையில் ராஜாவின் கட்டத்தில் திரும்ப வைத்தேன். புத்தகத்தில் கால் பட்டால், சோற்றுத் தட்டில் பட்டால், வண்டிச் சாவியில் பட்டால்கூட நாங்கள் செய்வதுதான். யோசித்துச் செய்கிற காரியமில்லை. கை தானாகப் போகும்.

இளஞ்செழியன் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினார்.

“டச் மூவ்.”

நடுவர் சுவாமிநாதன் வந்தார். ஆத்தூர் பக்கத்துக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டுதான் எதையும் பார்ப்பார். “என்ன விஷயம்?”

“ராஜாவைத் தொட்டுட்டாங்க சார். தொட்ட காயைத்தான் ஆடோணும்.”

“கீழ விழுந்துருச்சுங்க. எடுத்து வச்சேன்” என்றேன்.

“விழுந்தது தெரியாம நடந்ததுங்க சார், அதை நான் கேக்கலை. ஆனா எடுத்து உடனே வைக்கலை. கையில வச்சிருந்தாங்க. கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. அது வேணும்னு தொட்டதுதானுங்களே?”

பக்கத்துப் பலகையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுவாமிநாதன் என்னைப் பார்த்தார். “கண்ணுல எதுக்கும்மா ஒத்திக்கிட்ட?”

“கால் பட்டுருச்சுங்க.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இளஞ்செழியன் பக்கம் திரும்பினார். “ஆடுற எண்ணத்தோட தொட்டாத்தான் டச் மூவ். கண்ணுல ஒத்திக்கிறது ஆடுற எண்ணம் கிடையாது, சார். அவங்க எந்தக் காயை வேணா ஆடலாம். கடிகாரத்தைப் போடுங்க.”

சட்டப்படி அதுதான் சரி. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். இளஞ்செழியன்தான் கடிகாரத்தைப் போடும்போது, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். “சம்பிரதாயமெல்லாம் ஊட்டுல வச்சுக்கோணுமுங்க. பொம்பளைங்க வந்தா சட்டமே வளையுது.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை நாள் ஆடி, ஒவ்வொரு சுற்றிலும் தலைவலி வரும்வரை உட்கார்ந்து, கடைசியில் சட்டத்தை எனக்காக வளைத்தார்கள் என்று குமாரபாளையம் முழுக்கச் சொல்வார். ஜெயித்தாலும் சொல்வார். அது கந்தப்ப மாமா காதுக்கு வராமலா போகும்? எனக்கே உள்ளே உறுத்தும்.

பலகையைப் பார்த்தேன். குதிரை ஆபத்தில் நிற்கிறது. அதை நகர்த்துவதுதான் புத்தி. ராஜாவை நகர்த்தினால் குதிரை போய்விடும். ராஜாவை நகர்த்த நாலு வழி இருக்கிறது, எல்லாம் கேவலமான வழி. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று கண்ணில் பட்டதும் என் உடம்பெல்லாம் புல்லரித்தது. காஸ்லிங்கும் ராஜா நகர்வதுதானே.

“சார், நில்லுங்க” என்று நடுவரைக் கூப்பிட்டேன். “தொட்டது தொட்டதுதானுங்க. நான் ராஜாவையே நகத்தறேன்.”

“தேவையே இல்லம்மா. நான் சொல்லிட்டேன்ல?”

“நீங்க சொன்னது சரிதானுங்க. ஆனா நான் தொட்டேன், ஆடறேன்.”

பாதி ரோஷம், ஒத்துக்கொள்கிறேன். மீதி ரோஷம் இல்லை. இரண்டு வருடமாக ஆடாமல் அடக்கி வைத்திருந்த ஆசை. கம்ப்யூட்டர் சிவப்பாகக் காட்டட்டும், நான் கம்ப்யூட்டரோடு ஆடவில்லை. கடைசியாகத் தொடுகிற காய்கள் இவைதான் என்றால், பிடித்த ஆட்டத்தை ஆடிவிட்டுப் போகிறேன். ராஜாவை எடுத்து இரண்டு கட்டம் ஓரமாக வைத்தேன். யானையைத் தூக்கி அவருக்கு இந்தப் பக்கம் வைத்தேன். கடிகாரத்தை அமுக்கினேன்.

இளஞ்செழியன் முதல் தடவையாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் குதிரையைப் பார்த்தார். அப்புறம் எடுத்துக்கொண்டார்.

குதிரையை எடுத்த சிப்பாயை என் ராணி தின்று நடுவுக்கு வந்தது. அவர் ராணியை எதிரே இறக்கினார். நான் இன்னொரு சிப்பாயைக் கொடுத்தேன், அவர் ராணி எடுத்தது. நான் பிஷப்பைக் கொண்டுபோய் அவர் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை அடித்து, செக் என்று நிறுத்தினேன். அந்தப் பிஷப்பும் சும்மா போகிற பிஷப்தான். அவர் ராஜாவாலேயே அதை எடுத்தார். அதற்கும் மேலே இன்னொரு சிப்பாயைக் கொடுத்தேன். அதையும் எடுத்தார்.

பயமாக இருந்தது. ஒரு குதிரை, ஒரு பிஷப், சிப்பாய்கள் எல்லாம் அவர் பக்கம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். வீட்டு அலமாரியில் சுருட்டி வைத்திருக்கிற என் செஸ் விரிப்பை நினைத்துக்கொண்டேன். இன்றைக்குத் தோற்றால் அதை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான். வீட்டில் வைத்துக்கொண்டு தொடாமல் இருக்க என்னால் ஆகாது. அழுதால் பலகை தெரியாது என்று அழுகையை அடக்கிக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொரு காயாக எண்ணிப் பார்த்தேன். கைவசம் இருப்பதை அல்ல, வேலை செய்வதை. என்னுடைய ராணி, யானை, மிச்சமிருந்த பிஷப் எல்லாம் அவர் ராஜா இருக்கிற பக்கம் திரும்பி நின்றன. அவருடைய யானைகளும் குதிரைகளும் பிஷப்புகளும் ஆட்டம் ஆரம்பித்த இடத்தில் அப்படியே, விருந்தாளி வாசலுக்கு வந்த பிறகும் பாயை விட்டு எழாதவர்கள் மாதிரி கிடந்தன. ராணி மட்டும் தனியாக ஓடியாடிக்கொண்டிருந்தது.

இப்போது யோசித்தது அவர்தான். மனப்பாடம் தீர்ந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். ராஜாவைப் பழைய இடத்துக்கே திரும்ப அனுப்பினார். நான் இரண்டாவது குதிரையை வெளியே எடுத்தேன். அவர் தன் குதிரை ஒன்றை வெளியே எடுப்பதற்குள் என் குதிரை நடுவுக்கு ஏறிவிட்டது. அவர் ராணி ஒதுங்கியது. இரண்டாவது யானையை ராஜாவுக்கு நேரே கொண்டுவந்து செக் சொன்னேன். அவர் பிஷப்பைக் குறுக்கே வைத்தார். பக்கத்துப் பலகைகளில் ஆட்டம் முடிந்தவர்கள் எங்களைச் சுற்றி வந்து நின்றார்கள்.

என் பிஷப்பை நகர்த்தி, அவர் சிப்பாய் ஒன்று எடுக்கக்கூடிய கட்டத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். இனிமேல் எது கொடுத்தாலும் வாங்கக்கூடாது என்று தோன்றியிருக்க வேண்டும். எடுக்காமல் ராஜாவை ஒரு கட்டம் பக்கத்தில் ஒதுக்கினார்.

நான் ராணியைத் தூக்கினேன். நேர்கோட்டில் ஓடி, அவர் ராஜா நிற்கிற கடைசி வரிசையில் வைத்தேன். செக். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன் மனசுக்குள்.

அவர் எடுக்காமல் இருந்தாலும் அடுத்த நகர்த்தலில் ஆட்டம் முடியும். அது அவருக்கும் தெரிந்துவிட்டது. முகத்தைக் கையால் ஒருமுறை தேய்த்துக்கொண்டு, பிஷப்பால் ராணியை எடுத்தார். அந்தப் பிஷப் நகர்ந்ததும் என் யானைக்கு வழி திறந்துவிட்டது. என் பிஷப்பால் ஒரு சிப்பாயை அடித்து நிறுத்தினேன். பின்னால் குதிரை காவல். ராஜாவுக்குப் போக இடமில்லை. மேட்.

என்னிடம் ராணியே இல்லை. அரங்கத்தில் யாரோ ‘ஐயோ’ என்றார்கள்.

இளஞ்செழியன் கையை நீட்டினார். கைகுலுக்கும்போது அவர் விரல் சில்லென்று இருந்தது. “ராஜாவை நகத்த வேண்டியதில்லைன்னு நடுவரே சொன்னாருங்களே அக்கா” என்றார். “குதிரைய நகத்தியிருந்தீங்கன்னா அதுக்கு மேல எனக்கு எல்லாம் மனப்பாடமுங்க.”

“தெரியுமுங்க. அதான் நகத்தல” என்றேன். பொய்தான். ஆனால் சொல்லும்போது சுகமாக இருந்தது.

அவர் எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவர் கை பட்டதில் கறுப்பு ராஜா மேஜையிலிருந்து விழுந்து, அவர் ஷூ மேல் பட்டு உருண்டது. குனிந்து எடுத்தார். எடுத்த கை நேராகக் கண்ணுக்குப் போனது. பாதி வழியில் அவருக்கே உறைத்து, கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஒத்திக்கோங்க தம்பி. ஆட்டம் முடிஞ்சுருச்சு. ஆரும் கை தூக்கமாட்டாங்க” என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் அவரும் சிரித்துவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் காயை வைத்தார்.

மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது நிச்சயத்துக்கு இரு வீட்டாரும் உப்புச் சர்க்கரை மாற்றி முடித்திருந்தார்கள். தமிழரசு வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தவர் ஆட்டத்தைப் பற்றிக் கேட்காமல் செருப்பு எங்கே என்றுதான் கேட்டார். பள்ளிக்கூட வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கந்தப்ப மாமா கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் குரலை உயர்த்தினார். “வா அம்மணி. என்னாச்சு உன்ற சபதம்? இனிமே காயைத் தொடுவியா, மாட்டியா?”

எல்லோரும் திரும்பினார்கள். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

“தொடுவேனுங்க மாமா” என்றேன். “தொட்டா ஆடாம உடமாட்டேன்.”